தந்திர வியூகம் சொதப்பினால் குவார்ட்டர்பேக்கிடமிருந்து தேடத் தொடங்குங்கள்

அமெரிக்கக் கால்பந்தில் ஏதாவது ஒரு தந்திர வியூகத்தைக் கைவசம் வைத்திருக்காத பயிற்சியாளர் கிடையாது. பயிற்சியில் போட்டால் பத்துக்குப் பத்து பலிக்கும். ஆட்டத்தில் போட்டால் ஒன்று விதிமீறலுக்கான மஞ்சள் கொடி விழும், இல்லை பந்து விழும், இல்லை தாக்கும் அணியை நடத்திப் பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கே விழுவார். அப்புறம் "இந்தப் பசங்களுக்கு இதெல்லாம் வராது" என்று பிளேபுக்கில் அந்தப் பக்கத்தையே கிழித்துப் போட்டுவிடுவார்கள்.

கிழிப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ஆட்டத்தின் வீடியோவை எடுத்து, ஹடில் (வீரர்கள் கூடி அடுத்த திட்டத்தைப் பேசும் வட்டம்) கலைந்ததிலிருந்து ஸ்னாப் (நடுவில் நிற்கும் சென்டர் பந்தைப் பின்னால் கொடுப்பது) வரை உள்ள நேரத்தை மட்டும் ஓட்டிப் பாருங்கள். குவார்ட்டர்பேக்கைத் தவிர வேறு யாரையும் பார்க்காதீர்கள். நான் பார்த்தவரை, சொதப்பிய ப்ளேக்களில் பாதிக்கு மேல் ஸ்னாப்புக்கு முன்பே சொதப்பியிருக்கும். தடுப்பணியின் பதினோரு பேரும் குவார்ட்டர்பேக்கைப் பார்த்துத்தான் நகரப் பழகியவர்கள். அவர் தலை திரும்பினால் இவர்கள் தலை திரும்பும். தந்திர வியூகம் என்பது அந்தப் பழக்கத்தை வைத்துச் செய்யும் வியாபாரம். ஆகவே கணக்குப் புத்தகமும் அவரிடம்தான் இருக்கிறது.

கீழே அறிகுறிவாரியாகக் கொடுத்திருக்கிறேன். உங்கள் அணிக்கு எது பொருந்துகிறதோ, நேராக அங்கே போகலாம்.

அறிகுறி: டச்டவுன் போட்டோம், கொடி விழுந்து ரத்தாகிவிட்டது

டச்டவுன் என்பது எதிரணியின் எண்ட் ஸோனுக்குள், அதாவது கோல் கோட்டுக்கு அப்பால், பந்தைக் கொண்டுபோவது. அடிக்கடி வருவதும், அதிகம் வயிற்றெரிச்சல் தருவதும் இதுதான். எந்தக் கொடி என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

வியூகமே சட்டவிரோதம் என்று கொடி விழுந்திருந்தால், எண்ணிப் பாருங்கள். ஸ்க்ரிமேஜ் கோட்டில், அதாவது ஸ்னாப்புக்கு முன் பந்து இருக்கும் கோட்டில், ஏழு பேர் நிற்க வேண்டும். அதாவது பின்னால் நாலு பேருக்கு மேல் கூடாது. கோட்டில் நிற்பவர்களில் இரண்டு ஓரத்திலும் இருப்பவர்கள் மட்டுமே பாஸ் பிடிக்கத் தகுதியானவர்கள். வழக்கமான வியூகத்தில் இதை யாரும் யோசிப்பதில்லை, கால் தானாகப் போய் நிற்கும். குவார்ட்டர்பேக்கை ஓரத்துக்கு அனுப்பி, பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கைப் பின்னால் நிறுத்தி, தடுக்கும் லைன்மேன்களில் ஓரத்தவரான ஒரு டேக்கிளை மறுபக்கம் மாற்றியதும் கணக்கு கலைந்துவிடும். பாஸ் பிடிக்கும் ஓரத்து ரிசீவர் ஒருவர் அரை அடி பின்னால் நின்றுவிட்டால் போதும். தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வரலாற்றிலேயே பேர்போன தந்திரமான 'ஃபில்லி ஸ்பெஷல்' கூட இந்த வம்பிலிருந்து தப்பவில்லை. அன்று கோட்டில் ஏழு பேர் இருந்தார்களா, ஓரத்து ரிசீவர் சற்றுப் பின்னால் நின்றாரா என்று ஆட்டம் முடிந்த பிறகும் வாதம் நடந்தது. கொடி விழாததால் டச்டவுன் நின்றது. உங்களுக்கும் அப்படியே நடக்கும் என்று நம்பி இறங்க வேண்டாம். ஓரத்து ரிசீவர் பக்கவாட்டில் நிற்கும் லைன் நடுவரைப் பார்த்துக் கையைக் காட்டி, "நான் கோட்டில்தானே இருக்கிறேன்?" என்று கேட்டுக்கொள்வதைப் பழக்கமாக்குங்கள். நடுவர்கள் தலையாட்டுவார்கள்.

குவார்ட்டர்பேக்குக்கே பாஸ் போகிற ப்ளே என்றால் இன்னொரு கண்ணி இருக்கிறது. என்.எஃப்.எல். விதிப்படி, சென்டரின் முதுகோடு ஒட்டி நின்று கைவைத்துவிட்ட குவார்ட்டர்பேக் அந்த ப்ளேயில் பாஸ் பிடிக்க முடியாது. ஷாட்கன்னில், அதாவது தள்ளி நின்றால் பிடிக்கலாம். கல்லூரியிலும் பள்ளியிலும் இந்தத் தடை இல்லை. டிவியில் பார்த்ததை அப்படியே உங்கள் அணிக்குப் போடும்போதும், உங்கள் விதியை வைத்து டிவி ஆட்டத்தை அளக்கும்போதும் இந்த வித்தியாசம் மனதில் இருக்கட்டும்.

அசைவுக்காகக் கொடி விழுந்திருந்தால் குற்றவாளி அநேகமாகக் குவார்ட்டர்பேக்தான். அவர் முன்னால் நடந்து போய் லைன்மேன்களிடம் ஏதோ சொல்வதுபோல் நடிக்கிறார், அந்த நேரத்தில் பந்து வேறொருவருக்கு ஸ்னாப் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்னாப் ஆகும் கணத்தில் அவர் கோட்டை நோக்கி ஒரு அடி நகர்ந்துகொண்டிருந்தாலும் தவறு. நடந்து போகலாம், போன இடத்தில் முழுசாக நிற்க வேண்டும், ஒரு நொடி. அதற்கப்புறம்தான் பந்து வர வேண்டும். உதடு அசையலாம், கால் அசையக் கூடாது.

லைன்மேன் முன்னால் போய்விட்டார் என்று கொடி விழுந்தால், ப்ளே மெதுவாக இருக்கிறது என்று அர்த்தம். பாஸ் கையை விட்டுக் கிளம்பும் முன் லைன்மேன் எவ்வளவு தூரம் முன்னே போகலாம் என்பது என்.எஃப்.எல்.லில் 1 யார்டு, பள்ளியில் 2, கல்லூரியில் 3. இரண்டு மூன்று கை மாறி அப்புறம் பாஸ் என்றால், ஓட்ட ப்ளே என்று நினைத்துத் தள்ளிக்கொண்டு போகும் லைன்மேன் அதற்குள் எங்கேயோ இருப்பார். அவரிடம் "இது பாஸ்" என்று சொல்லியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ரகசியம் காக்கிறேன் என்று சொந்த லைன்மேனிடமே மறைத்த பயிற்சியாளர்கள் உண்டு.

கடைசியாக, 'தகுதி அறிவிப்பு' கோளாறு. 50 முதல் 79 வரை எண் போட்டவர் வழக்கமாகப் பாஸ் பிடிக்க முடியாது. என்.எஃப்.எல்.லில் தலைமை நடுவரான ரெஃப்ரியிடம் போய்ச் சொல்லிவிட்டு, ஓரத்தில் நின்றால் பிடிக்கலாம். 2023 டிசம்பர் 30 அன்று டல்லஸ் கவ்பாய்ஸுக்கு எதிராக டெட்ராய்ட் லயன்ஸ் இதைத்தான் செய்தது. ஆட்டம் முடிய அரை நிமிடம்கூட இல்லை, 20-19 என்று பின்தங்கியிருந்தபோது, டச்டவுனுக்குப் பின் கிடைக்கும் இரண்டு புள்ளி முயற்சி. எதிரணியைக் குழப்புவதற்காக லைன்மேன்கள் சிலர் ஒன்றாக ரெஃப்ரியை நோக்கிப் போனார்கள். ரெஃப்ரி 70 என்று அறிவித்தார். குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃப் வீசிய பந்தைப் பிடித்தது 68, டெய்லர் டெக்கர். புள்ளி போயிற்று, ஆட்டமும் அதே 20-19ல் முடிந்தது. யார் மேல் தப்பு என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். நமக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: நீங்கள் ஏமாற்ற நினைக்காத ஒரே ஆள் ரெஃப்ரி; அவர் காதில் சரியான எண் விழுந்ததா என்பதை ஸ்னாப்புக்கு முன் உறுதி செய்ய வேண்டியவர் குவார்ட்டர்பேக். மைக்கில் அறிவிப்பு வரும்வரை காத்திருங்கள். தப்பான எண் வந்தால் டைம்அவுட் கேளுங்கள்.

இதே அறிவிப்பு விதியைத் திருப்பிப் போட்டு விளையாடியது நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணி. 2015 ஜனவரி 10, பால்டிமோர் ரேவன்ஸுக்கு எதிரான பிளே-ஆஃப். 34 எண் போட்ட ரன்னிங் பேக் ஷேன் வெரீன், "நான் பாஸ் பிடிக்க மாட்டேன்" என்று அறிவித்துவிட்டு ரிசீவர் மாதிரி அகலத்தில் போய் நின்றார். மறுபக்கம் லைன்மேன் நிற்கும் இடத்தில் நின்ற டைட் எண்டோ (தடுக்கவும் பிடிக்கவும் செய்பவர்) தகுதியுள்ளவர். 34ஐக் காவல் காக்க வேண்டாம் என்று ரெஃப்ரி மைக்கிலேயே சொல்லியும் ரேவன்ஸுக்குப் பிடிபடவில்லை. பயிற்சியாளர் ஜான் ஹார்பா மைதானத்துக்குள் போய்ச் சத்தம் போட்டுத் தண்டனை வாங்கினார். நியூ இங்கிலாந்து 35-31. அந்த மார்ச்சிலேயே விதி மாறிவிட்டது: அப்படி அறிவிப்பவர் இனி லைன்மேன்கள் நிற்கும் பெட்டிக்குள்தான் நிற்க வேண்டும். ஆகவே பழைய வீடியோவைப் பார்த்து இதை வரைந்துகொண்டு போகாதீர்கள். கலிஃபோர்னியாவின் பீட்மான்ட் உயர்நிலைப் பள்ளி 2007ல் கொண்டுவந்த 'ஏ-11' வியூகமும் அப்படித்தான். இரண்டு குவார்ட்டர்பேக், பதினோரு பேரும் தகுதியுள்ள எண்களில். உதை வியூகத்துக்கு இருந்த எண் விலக்கில் ஓட்டை கண்டுபிடித்துச் செய்தது. 2009ல் அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள்.

அறிகுறி: ஸ்னாப்புக்கு முன்பே எதிரணி கண்டுபிடித்துக் கத்துகிறது

ஆள் மாற்றத்தைப் பாருங்கள். தந்திர ப்ளேக்கென்றே ஒருவர் ஓடி வருகிறார், வந்ததும் ஹடிலில் எல்லாரும் சிரிக்கிறார்கள் என்றால் சீட்டு வெளியே தெரிந்துவிட்டது. அந்த ஆளைச் சாதாரண ப்ளேக்களுக்கும் உள்ளே அனுப்பிப் பழக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய துப்பு, ஓரத்தில் நிற்கும் குவார்ட்டர்பேக்கின் இடுப்பு. வைல்ட்கேட் வியூகத்தில் அவர் ரிசீவர் இடத்துக்குப் போகிறார், பந்து நேராக ரன்னிங் பேக்குக்கு வருகிறது. நம் ஆள் அங்கே இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவர் மாதிரி நிற்பார். அவருக்கு எதிரே நிற்கும் கார்னர்பேக் ஒரு நொடி பார்ப்பார், "இவன் எங்கேயும் போகப் போவதில்லை" என்று உள்ளே ஓடிவந்து ஓட்டத்தைத் தடுப்பார். பத்துக்குப் பதினொன்று என்று உங்கள் கணக்கு உதைபடுவது அங்கேதான். குவார்ட்டர்பேக் ரிசீவர் மாதிரி முழங்காலை மடக்கி நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நாலு எட்டாவது வேகமாக ஓட வேண்டும். ஆட்டத்துக்கு ஒரு முறையாவது அவர் பக்கம் பந்து போகும் என்று எதிரணி நம்பினால் போதும், கார்னர்பேக் அங்கேயே கட்டப்பட்டு நிற்பார்.

கண்ணையும் கவனியுங்கள். வீசப்போகும் ரிசீவரைக் குவார்ட்டர்பேக் ஹடிலிலிருந்தே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார். இளம் வயதினரிடம் இது தீராத வியாதி. கையில் பந்து இல்லாத ப்ளேயிலும் அவர் இடது, வலது, நடு என்று வழக்கமான வரிசையில் பார்த்துவிட்டுத்தான் தயாராக வேண்டும்.

அறிகுறி: நடிக்கிறார், ஆனால் எடுபடவில்லை

நடிப்பு அதிகமாகிவிட்டது என்பதுதான் பெரும்பாலும் காரணம். தலையில் கை வைப்பது, பெஞ்சைப் பார்த்துக் கத்துவது, ஷூ லேஸைக் கட்டுவது எல்லாம் எதிரணியை உஷாராக்கும். நல்ல கூக்ளி போடுபவரின் கை, லெக் பிரேக் போடும் கை மாதிரியே வரும். இங்கேயும் அதேதான் வேண்டும். வழக்கமாக என்ன செய்வாரோ அதையே செய்ய வேண்டும்.

முன்னே சொன்ன ஃபில்லி ஸ்பெஷலில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் குவார்ட்டர்பேக் நிக் ஃபோல்ஸ் செய்ததைப் பாருங்கள். 2018 பிப்ரவரி 4, மினியாபொலிஸ், சூப்பர் பவுல். முதல் பாதி முடிய 38 நொடி, நாலாவது டவுன், அதாவது கடைசி வாய்ப்பு, கோலுக்கு 1 யார்டு. ஷாட்கன்னில் நின்றவர் வலது டேக்கிளுக்குப் பின்னால் நடந்து போகிறார், லைனில் ஏதோ மாற்றிச் சொல்வதுபோல. அன்றைக்கு அவர் அதுவரை பல தடவை அப்படி நடந்திருப்பார், யாரும் கண்டுகொள்ளவில்லை. போய் நின்றார். பந்து கோரி கிளெமென்ட்டுக்குப் போனது. அவர் இடப்பக்கம் ஓடி, எதிர்த்திசையில் வந்த ட்ரே பர்ட்டனிடம் தட்டிவிட்டார். இந்த நேரத்தில் ஃபோல்ஸ் என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. வேலை முடிந்தவர் மாதிரி ஒரு கணம் சும்மா நின்றார். அப்புறம்தான் வலப்பக்கம் நழுவினார். அந்த ஒரு கணம் இல்லாவிட்டால் ப்ளே இல்லை. எல்லா இளம் குவார்ட்டர்பேக்குகளும் அவசரப்பட்டு ஓடிவிடுவது அங்கேதான். பர்ட்டன் வீச, ஆளில்லாத எண்ட் ஸோனில் பிடித்தார். ஈகிள்ஸ் 41-33 என்று ஜெயித்தது. பர்ட்டன் பள்ளியில் குவார்ட்டர்பேக் ஆடியவர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கையால் நடிப்பதற்கு உதாரணம் வேண்டுமென்றால் 2007 ஜனவரி 1, கல்லூரி அணிகளின் ஃபியஸ்டா பவுல். ஓவர்டைமில் ஓக்லஹோமாவுக்கு எதிராக பாய்ஸி ஸ்டேட் 42-41 என்று பின்தங்கியிருந்தது. இரண்டு புள்ளி போட்டால் வெற்றி. மூன்று ரிசீவர்கள் வலப்பக்கம். குவார்ட்டர்பேக் ஜாரெட் ஜப்ரான்ஸ்கி பின்னால் வந்து, வலக்கையை ஓங்கி அந்தப் பக்கம் வீசினார். கை காலி. பந்து இடக்கையில் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ரன்னிங் பேக் இயன் ஜான்சன் அதை வாங்கிக்கொண்டு இடப்பக்கம் ஓடி உள்ளே போய்விட்டார். 43-42. 'லிபர்ட்டி சிலை' என்று பெயர் பெற்ற பழைய தந்திரம்தான். வீடியோவில் அவர் தோளைப் பாருங்கள்: தோளும் இடுப்பும் கண்ணும் மூன்றும் வலப்பக்கம் திரும்பியிருக்கும். பிள்ளைகள் இதைச் செய்யும்போது கை மட்டும் வலப்பக்கம் போகும், கண் பின்னால் ரன்னிங் பேக்கைத் தேடும். கண்ணைத் திருப்பாமல் கொடுக்க வேண்டுமானால், பந்து முதுகுக்குப் பின்னால் எந்த உயரத்தில் நிற்கும் என்பது ரன்னிங் பேக்குக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். எடுப்பது அவர் பொறுப்பு.

நேரடி ஸ்னாப்பில் குவார்ட்டர்பேக் தலைக்கு மேல் பந்து போய்விட்டதுபோல் துள்ளுவதும் ஒரு நல்ல நடிப்பு. 2017 சூப்பர் பவுலில் அட்லாண்டாவுக்கு எதிராக நியூ இங்கிலாந்தின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி துள்ளினார், பந்து ரன்னிங் பேக் ஜேம்ஸ் ஒயிட்டிடம் போய் இரண்டு புள்ளி ஆனது. ஆனால் ஸ்னாப்புக்குப் பிறகே துள்ள வேண்டும். முன்னாலே துள்ளினால் ஃபால்ஸ் ஸ்டார்ட் என்று கொடி விழும்.

அறிகுறி: கை மாறும் இடத்தில் பந்து விழுகிறது

ஸ்னாப்பிலேயே விழுந்தால், சென்டரைத் திட்டாதீர்கள். ஷாட்கன்னில் குவார்ட்டர்பேக்குக்கு ஐந்து யார்டு நேர் பின்னால் அனுப்பிப் பழகிய கை அது. ரன்னிங் பேக் ஒரு யார்டு தள்ளி, சற்று அருகில் நின்றால் அதே வேகத்துப் பந்து அவர் முழங்காலில் மோதும். வைல்ட்கேட் போடும் அணி அந்த ஸ்னாப்பைத் தனியாகத் தினமும் பயிற்சி செய்ய வேண்டும், ஈரப் பந்தோடும்.

பக்கவாட்டில் தட்டும்போது விழுந்தால் திசையைப் பாருங்கள். பின்னால் தட்டிய பந்து தரையில் விழுந்தாலும் உயிரோடு இருக்கும், எதிரணி எடுத்துக்கொண்டு ஓடலாம். முன்னால் போய்விட்டால் அது ஃபார்வர்ட் பாஸ். ஒரு ப்ளேக்கு ஒன்றுதான் அனுமதி, அப்புறம் இன்னொரு பாஸ் வீச முடியாது. இரட்டைப் பாஸ் ப்ளேயில் குவார்ட்டர்பேக் ஒரு யார்டு கூடுதலாகப் பின்னால் வீசச் சொல்லுங்கள். அழகு குறையும், கொடி விழாது.

கடைசிப் பாஸை வீசுபவர் யார்? வேகமாக ஓடுபவரைப் போடாதீர்கள், ஒருகாலத்தில் குவார்ட்டர்பேக் ஆடியவரைத் தேடுங்கள். பர்ட்டன் மாதிரி. 2006 சூப்பர் பவுலில் ஹைன்ஸ் வார்டுக்கு 43 யார்டு டச்டவுன் வீசிய ரிசீவர் அன்ட்வான் ராண்டில் எல், இந்தியானா பல்கலைக்கழகத்தில் குவார்ட்டர்பேக். ரேவன்ஸுக்கு எதிரான அந்த 2015 ஆட்டத்தில் 51 யார்டு டச்டவுன் வீசிய ஜூலியன் எடல்மன், கென்ட் ஸ்டேட்டில் குவார்ட்டர்பேக்.

பிடிப்பவர் குவார்ட்டர்பேக் என்றால் அவருக்கும் பிடிக்கப் பயிற்சி வேண்டும். ஃபோல்ஸ் பிடித்த அதே சூப்பர் பவுலில், அதற்கு முன்னால், நியூ இங்கிலாந்தின் டேனி அமென்டோலா வீசிய பாஸ் பிரேடியின் விரலில் பட்டு விழுந்தது. முன்னால் யாரும் இல்லை.

அறிகுறி: குவார்ட்டர்பேக் அடிபடுகிறார்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். 1985 நவம்பர் 18, திங்கட்கிழமை இரவு ஆட்டம், வாஷிங்டன் அணிக்கும் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கும். ஃப்ளீ ஃப்ளிக்கர்: குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மன் ஜான் ரிகின்ஸிடம் பந்தைக் கொடுத்தார், ரிகின்ஸ் கோட்டை நோக்கிப் போய்விட்டுத் திரும்பி அவரிடமே வீசினார். அந்தச் சில நொடிகளில் ஜயன்ட்ஸ் ஏமாறவில்லை. லாரன்ஸ் டெய்லர் மேலே விழுந்ததில் தைஸ்மனின் வலது கால் எலும்பு இரண்டும் முறிந்தது. அதற்குப் பிறகு அவர் ஆடவில்லை.

பந்து போய்த் திரும்பி வரும் ப்ளேக்கு, லைன்மேன்கள் சாதாரணப் பாஸைவிட நீண்ட நேரம் தாங்க வேண்டும். ஆகவே எதிரணி ஆறு, ஏழு பேரை அனுப்பும்போது அதைப் போடவே கூடாது. முதலாவது, இரண்டாவது டவுனில், ஓட்டத்தை எதிர்பார்க்கும்போது போடலாம். திரும்பி வரும் பந்தை வாங்கும்முன் குவார்ட்டர்பேக் ஒரு முறை கோட்டைப் பார்க்க வேண்டும். யாராவது தடையில்லாமல் வந்தால், பந்தை வாங்கியதும் ஓரத்து ரிசீவர் தலைக்கு மேல் வெளியே எறிந்துவிடலாம். இதையும் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வைல்ட்கேட்டில் ஓரத்தில் நிற்பவருக்கு, பாஸ் வீசுபவருக்குள்ள விசேஷப் பாதுகாப்பு கிடையாது. அங்கே அவர் இன்னொரு ரிசீவர், அவ்வளவுதான். தடுக்கப் போக வேண்டாம் என்று நான் சொல்வேன். ராண்டில் எல் வீசிய அந்த ப்ளேயில் குவார்ட்டர்பேக் பென் ராத்லிஸ்பெர்கர் ஓடிப்போய் ஒரு ஆளைத் தடுத்தார் என்பது உண்மை. அவர் உடம்பு வேறு, உங்கள் பதினாறு வயதுப் பையன் உடம்பு வேறு.

அறிகுறி: எதிரணி ஏமாறவே இல்லை, ஆனாலும் ஸ்னாப் போய்விட்டது

2015 அக்டோபர் 18, இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ். நியூ இங்கிலாந்துக்கு எதிராக 27-21 என்று பின்தங்கி, நாலாவது டவுன், 3 யார்டு தேவை. பன்ட் வியூகத்திலிருந்து (பந்தை உதைத்து எதிரணியிடம் கொடுக்கும் வியூகம்) மொத்த லைனும் வலப்பக்கம் போய்விட்டது. நடுவில் பந்தின் மேல் கிரிஃப் வேலன், பின்னால் கோல்ட் ஆண்டர்சன், இரண்டே பேர். எதிரே நியூ இங்கிலாந்தின் ஆட்கள் கூட்டமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரணி அவசரத்தில் பன்னிரண்டு பேரோடோ தப்பான இடத்திலோ மாட்டினால் ஸ்னாப், இல்லாவிட்டால் சும்மா நிற்பது என்பதுதான் திட்டம். ஆனால் ஸ்னாப் போயிற்று. ஆண்டர்சன் அங்கேயே அமுக்கப்பட்டார். கோட்டில் போதிய ஆள் இல்லையென்று வியூகத்துக்கும் கொடி. ஒரே ப்ளேயில் இரண்டு வியாதி.

இப்படிப்பட்ட வியூகங்களில், லைன் ஒரு பக்கம் போய் நிற்கும் 'ஸ்விங்கிங் கேட்' உட்பட, நிறுத்தும் அதிகாரம் யாரிடம் என்று முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். அது பந்து வாங்குபவரிடம் இருக்க வேண்டும். சென்டரிடம் இருக்கக் கூடாது, ஏனென்றால் குனிந்திருப்பவருக்கு எதிரே எத்தனை பேர் என்று தெரியாது. குவார்ட்டர்பேக் களத்தில் இருந்தால் அவரே. அவர் எண்ணட்டும்: அகலத்தில் நம் ஆள் நாலு, எதிராளி மூன்று என்றால் அங்கே போகலாம். சமமாக இருந்தால் நிறுத்து. நிறுத்தும் சொல் ஒன்று போதும், எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சொல் வந்தால் தாமதத்துக்கு ஐந்து யார்டு போகும், போகட்டும். பயிற்சியில் நாலுக்கு ஒரு முறையாவது வேண்டுமென்றே நிறுத்திப் பழக்குங்கள். எப்போதும் ஸ்னாப்பில் முடியும் பயிற்சி, ஆட்டத்திலும் ஸ்னாப்பில்தான் முடியும்.

அறிகுறி: முதல் வாரம் அமர்க்களம், அப்புறம் படுத்துவிட்டது

2008 செப்டம்பர் 21, மயாமி டால்ஃபின்ஸ். முந்தைய வருடம் 1 வெற்றி, 15 தோல்வி என்று கிடந்த அணி. குவார்ட்டர்பேக் பயிற்சியாளர் டேவிட் லீ ஆர்கன்ஸாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து கொண்டுவந்த வைல்ட்கேட்டைப் போட்டார்கள். சாட் பென்னிங்டன் ஓரத்தில், ரானி பிரவுன் பின்னால், இரண்டு டேக்கிளும் ஒரே பக்கம், ரிக்கி வில்லியம்ஸ் குறுக்கே ஓடி வருவார். பிரவுன் அவரிடம் கொடுக்கலாம், தானே ஓடலாம், இடக்கையால் வீசவும் செய்யலாம். நாலு டச்டவுன் ஓடினார், ஒன்று வீசினார். நியூ இங்கிலாந்து மண்ணிலேயே 38-13. இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 23ல், அதே நியூ இங்கிலாந்து மயாமிக்கு வந்து 48-28 என்று ஜெயித்துவிட்டுப் போனது.

வியூகம் கெட்டுப்போகவில்லை, ரகசியம் தீர்ந்துபோயிற்று. 1961ல் சான் ஃபிரான்ஸிஸ்கோ 49யர்ஸுக்கும் இதே கதிதான். மூன்று குவார்ட்டர்பேக்குகளை மாற்றி மாற்றி அனுப்பி ஷாட்கன்னில் எதிரணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். சிகாகோ பேர்ஸ் தடுப்பு லைனுக்குப் பின்னால் நிற்கும் தன் லைன்பேக்கர் பில் ஜார்ஜை சென்டரின் தலைக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தியது. கால்களுக்கு நடுவே பின்னால் பார்த்து ஸ்னாப் செய்யும் சென்டரால் அவரைத் தடுக்க முடியவில்லை. பேர்ஸ் 31-0 என்று ஜெயித்தது.

சரி, மருந்து என்ன? எதிரணி எதை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அதே தோற்றத்திலிருந்து அதற்கு நேரெதிரான ஒன்றைப் போடுவது. வைல்ட்கேட்டைத் தடுக்கக் கார்னர்பேக் உள்ளே வருகிறாரா, பந்து ஓரத்துக் குவார்ட்டர்பேக்குக்குப் போக வேண்டும், ஒரு முறையாவது. பாதுகாப்பாளர்கள் கோட்டருகே குவிகிறார்களா, அதே ஆட்களை வைத்துக்கொண்டு குவார்ட்டர்பேக்கைத் தன் இடத்துக்குத் திரும்பக் கூட்டிவந்து சாதாரணப் பாஸ். ஒரே ஆள் கூட்டத்தை வைத்து வைல்ட்கேட்டும் வழக்கமான வியூகமும் இரண்டும் போட முடிகிற அணிக்கு இந்த நோய் மெதுவாகத்தான் வரும். அந்த ஒரு நோக்கத்துக்கென்றே ஆள் வைத்திருக்கும் அணிக்கு இரண்டாவது வாரமே வந்துவிடும்.

அறிகுறி: ப்ளே நன்றாக நடந்தது, நடுவர் விசில் ஊதி நிறுத்திவிட்டார்

நடுவரும் ஏமாந்துவிட்டார் என்று அர்த்தம். பந்து யாரிடம் என்று தெரியாமல் ஊதிவிடுவார், ஊதினால் ப்ளே முடிந்தது. ஆட்டம் தொடங்கும் முன் நடுவர்கள் பயிற்சியாளரிடம் பேச வருவார்கள். அப்போதே "இன்றைக்கு இப்படி ஒன்று போடலாம், பந்து இவரிடமிருந்து இவருக்குப் போகும்" என்று சொல்லிவிடுங்கள். எதிரணியிடம் போய்ச் சொல்ல மாட்டார்கள்.

அந்தப் பேச்சில் இன்னொரு லாபமும் உண்டு. பள்ளி மட்டத்தில், ஆட்டத்தில் ஏதோ சிக்கல் என்று எதிரணியை நம்பவைத்து ஸ்னாப் செய்வது விதிமீறல். "பந்து தப்பான பந்து", "உதைக்கும் ஸ்டாண்டு எங்கே" என்று பயிற்சியாளர் கத்த, குவார்ட்டர்பேக் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சாவகாசமாக எதிரணி நடுவே நடந்து போகிற வீடியோக்களை நிறையப் பேர் பகிர்வார்கள். சிரிப்பு வரும்தான். உங்கள் ப்ளேயில் யாராவது வாயால் பொய் சொல்ல வேண்டியிருந்தால், அதை ஆட்டத்துக்கு முன்பே ரெஃப்ரியிடம் சொல்லிப் பாருங்கள். அவர் முகம் சுளித்தால் அந்த வரியை எடுத்துவிட்டு, குவார்ட்டர்பேக் நிற்கும் விதத்தை வைத்து மட்டும் அதே ப்ளேயைத் திரும்பக் கட்டுங்கள்.